நாலு மணிக்கு வந்த மயில்

1882இல் தட்சிணேஸ்வரத்தில் ராமகிருஷ்ணர் ஒரு மயிலைப் பற்றிச் சொன்னார். யாரோ அதற்குச் சாயங்காலம் நாலு மணிக்கு அபின் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் நாலு மணிக்கு அது டாணென்று வந்து நின்றதாம். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் மகேந்திரநாத் குப்தர் தன்னைத் தேடி மறுபடியும் வந்துவிட்டதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்ன கதை. அந்தக் குப்தரே பிற்பாடு 'கதாமிருத'த்தில் அதை எழுதி வைத்தார். பக்தி ஆளை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதற்காகச் சொன்னது. ஆனால் போதையைப் பற்றி இவ்வளவு கச்சிதமான கதை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. மயில் மயங்கியது, சொக்கியது என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. வந்தது, நேரம் தவறாமல் வந்தது, அவ்வளவுதான்.

கதையில் வராத மயில்களும் இருந்திருக்க வேண்டும். அதே கையிலிருந்து அதே அபினைத் தின்றுவிட்டு, மறுநாள் நாலு மணிக்கு வேறெங்கோ மேய்ந்துகொண்டிருந்தவை. பரமஹம்சரின் கதைக்கு அவை தேவையில்லை. நமக்குத் தேவை.

கல்கத்தாவில் காளிகாட் மெட்ரோவிலிருந்து வெளியே வந்து கிழக்கே நடந்தால் லேக் மார்க்கெட். கல்கத்தாத் தமிழர்கள் காபிப்பொடியும் முருங்கைக்காயும் வாங்கிப் பழகிய இடம். மேற்கே போனால் காளி கோயில். பேடாக் கடைகள், செம்பருத்தி மாலைகள், கையைப் பிடித்து இழுக்கும் பண்டாக்கள், கோயிலை ஒட்டினாற்போல் அன்னை தெரசா 1952இல் தொடங்கிய நிர்மல் ஹிருதய். இவற்றுக்கெல்லாம் முதுகுப்புறம் ஆதி கங்கை. ஒரு காலத்தில் கங்கை இந்த வழியாகத்தான் ஓடியது என்பார்கள். இப்போது கறுத்த சாக்கடை. அதன் கரையோரச் சந்துகளில் வாசலில் நின்று ஆள் பார்க்கும் பெண்கள். படித்துறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் பையன்கள்.

பையன்கள் செய்வதைக் கிட்டே நின்று பார்த்திருக்கிறேன். யாரும் விரட்டுவதில்லை; அந்த நேரத்தில் நாம் அவர்கள் கண்ணிலேயே படுவதில்லை. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளை எடுத்து, அதன் காகிதப் பக்கத்தைப் பொசுக்கி உரித்து விடுகிறார்கள். தாளின் நடுவில் நீளவாக்கில் ஒரு மடிப்பு. மடிப்பின் மேல் கடுகளவு பழுப்புத் தூள், அடியில் தீக்குச்சி. தூள் உருகி எண்ணெய்ச் சொட்டாக மடிப்பில் ஓடும். வாயில் கவ்விய காகிதக் குழல் அந்தச் சொட்டின் பின்னாலேயே போய்ப் புகையை உறிஞ்சும். ஒரு மூச்சு வீணாவதில்லை. வாழ்க்கையில் வேறு எதையும் சரியாகச் செய்யத் தெரியாதவன் என்று ஊர் சொல்லும் ஒருவனின் விரல்களில் அவ்வளவு நிதானம். கல்கத்தாத் தெருவில் இந்தத் தூளுக்குப் பெயர் 'பாத்தா'. அடிப்பவன் 'பாத்தாகோர்'. பிரவுன் சுகர் என்றால் எல்லா ஊரிலும் புரியும்.

நாலு எட்டு வைத்தால் நகுலேஸ்வர பைரவர் சந்நிதி. அந்தப் பக்கம் சில நாள் சாமியார்கள் வட்டமாக உட்கார்ந்து சிலிம் பிடிப்பார்கள். ஈரத்துணி சுற்றிய சிலிமை நெற்றிக்கு உயர்த்தி, சிவன் பெயரைச் சொல்லி, ஒரு இழுப்பு, அடுத்தவர் கைக்கு. கஞ்சாவை இப்படி வருஷக்கணக்காகப் பிடித்தும் எழுந்து போய் வேலையைப் பார்க்கிறவர்கள் அவர்களில் உண்டு. சிவனே பாங்கு குடித்துவிட்டுப் பார்வதியிடம் வசவு வாங்குகிற இலக்கியம் வங்காளத்தில் இருக்கிறது. பாஸ்டன் மனநல மருத்துவர் நார்மன் ஜின்பெர்க் 1984இல் எழுதிய புத்தகம் இந்த வட்டத்தைத்தான் வேறு மொழியில் சொல்கிறது: போதைப் பொருளும் ஆளின் மனநிலையும் போலவே, எந்தச் சடங்கோடு, யார் நடுவில், எப்போது நிறுத்த வேண்டும் என்ற ஊர்க்கட்டோடு அது உள்ளே போகிறது என்பதும் விளைவைத் தீர்மானிக்கிறது. ஹெராயினையே சனி ஞாயிறு மட்டும் எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் பிடிபடாமல் இருந்தவர்களை அவர் பேட்டி கண்டிருக்கிறார். சாமியார்களை நான் புனிதப்படுத்தவில்லை. அந்த வட்டத்திலும் கண் கலங்கிக் கை நடுங்கி அடுத்த சிலிமுக்காக மட்டும் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எப்போதும் இருப்பார்.

லேக் மார்க்கெட் பக்கம் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டே விடைகள். "மனசு திடமா இருந்தா ஒண்ணும் பண்ணாது சார்" என்பார் ஒரு பெரியவர். "ஒரு தடவை தொட்டாப் போச்சு, அது விடவே விடாது" என்பார். இரண்டும் ஒரே ஆள், ஒரே காபிக்குள். முதலாவது உண்மையானால் இரண்டாவது பொய். அவருக்கு அது இடிக்கவில்லை. தன் பேரனை நினைக்கும்போது பொருள் பூதம்; பாத்தாகோரை நினைக்கும்போது மனசு சொத்தை.

எண்ணிக்கை இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் போதைச் சிகிச்சை மையம் நாடு முழுக்க எடுத்த கணக்கு 2019இல் வெளிவந்தது. மது குடிப்பவர்கள் சுமார் 16 கோடி. அதனால் கெட்டுப்போகிற அளவில் அல்லது விட முடியாத நிலையில் இருப்பவர்கள் 5.7 கோடி. கஞ்சா, பாங்கு வகையறா 3.1 கோடி, சிக்கலில் இருப்பவர்கள் 72 லட்சம். அபின், ஹெராயின், வலி மாத்திரை என்ற ஓபியாய்டு வகையில் 2.26 கோடி, சிக்கலில் 77 லட்சம். மூன்றில் ஒருவர், நாலில் ஒருவர் என்ற கணக்கு. அமெரிக்காவில் 1994இல் ஜேம்ஸ் அந்தோணியும் சகாக்களும் வேறு விதமாகக் கேட்டார்கள்: வாழ்க்கையில் ஒரு தடவையாவது தொட்டவர்களில் எத்தனை பேர் கடைசியில் அடிமையானார்கள்? ஹெராயினில் 23 விழுக்காடு, கோகெயினில் 17, மதுவில் 15, கஞ்சாவில் 9. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது பெட்டிக்கடையில் கிடைக்கும் புகையிலை: 32.

தொட்டவர்களில் பெரும்பாலோர் விழுவதில்லை. இதை வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது. காரணமில்லாமல் இல்லை. இந்த உண்மையை இதுவரை உரக்கச் சொன்னவர்கள் பலர் வியாபாரிகள்.

பாட்னாவிலும் காஜிப்பூரிலும் உருட்டிக் காயவைத்த அபின் உருண்டைகள், பெட்டிக்கு நாற்பது வீதம், கல்கத்தாவுக்கு வந்து இங்கே ஏலம் போய்ச் சீனத்துக்குக் கப்பலேறின. வாரன் ஹேஸ்டிங்ஸ் 1773இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமாக்கிய வியாபாரம் அது. இந்த நகரத்தின் பெரிய வீடுகள் சிலவற்றின் அஸ்திவாரத்தில் அபின் காசு உண்டு. தாகூரின் தாத்தா துவாரகநாத்துக்கு அபின் கப்பலில் பங்கு இருந்தது. பேரன் ரவீந்திரநாத் இருபது வயதில், 1881இல், சீனத்தில் நடக்கும் மரண வியாபாரம் என்று அதைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். இங்கிலாந்துப் பாதிரிமார்களும் அபின் எதிர்ப்புச் சங்கங்களும் கொடுத்த நெருக்கடியில் 1893இல் பிரஸ்ஸி பிரபு தலைமையில் ஒரு ராயல் கமிஷன் அமைந்தது. இந்தியாவில் முதலில் கல்கத்தாவில்தான் உட்கார்ந்தது. எழுநூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகள். இந்தியர்கள் பெரும்பாலும் அளவோடுதான் அபின் சாப்பிடுகிறார்கள், காய்ச்சலுக்கும் வயிற்றுக்கும் அதுவே மருந்து, கெட்டுப்போகிறவர்கள் கொஞ்சம் பேர், இங்கிலாந்தில் சாராயம் செய்வதைவிட மோசமாக ஒன்றும் செய்துவிடவில்லை என்று 1895இல் அறிக்கை வந்தது. ஹென்றி வில்சன் என்ற ஒரே ஒரு உறுப்பினர் ஒத்துக்கொள்ளாமல் தனியாக எழுதினார்.

அறிக்கை பூசிமெழுகியது என்று அப்போதே சொன்னார்கள். சாட்சிகளை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்த்தால் அது புரியும். ஆனால் அதிலிருந்த அந்த ஒரு வரி பொய்யில்லை. பங்கிம் சந்திரரின் கமலாகாந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். 1870களில் வங்க வாசகர்கள் கொண்டாடிய பாத்திரம். அபின் உருண்டையைப் போட்டுக்கொண்டு உலகத்தையே நக்கலடிக்கிற பிராமணன். அவனை வாசகர்கள் நோயாளியாகப் பார்க்கவில்லை. தெருவுக்கு ஒருத்தர் அப்படி இருந்தார்கள். அளவோடு சாப்பிடுகிறவர்கள் இருந்தது நிஜம். அதைச் சாக்காக வைத்து அந்தக் கொஞ்சம் பேரைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டது கமிஷன். சீனத்துக் கொஞ்சம் பேர் எத்தனை கோடி என்று கேட்பது அதன் வேலையாக இல்லை.

சரியாக இதே காரியம் நூறு வருஷம் கழித்து அமெரிக்காவில் நடந்தது. 1980 ஜனவரியில் ஒரு மருத்துவ இதழில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் இருவரும் ஒரே பத்தியில் ஒரு கடிதம் எழுதினார்கள்: ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஓபியாய்டு மருந்து கொடுக்கப்பட்ட 11,882 நோயாளிகளில் அடிமையானதாகப் பதிவானவர்கள் 4 பேர். படுக்கையில், நர்ஸ் கையால், சில நாட்கள். கடிதம் சொன்னது அவ்வளவே. 1996இல் ஆக்ஸிகான்டின் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டியூ கம்பெனியின் ஆட்கள் இதை 'நூற்றில் ஒருவருக்கும் குறைவு' என்று டாக்டர் டாக்டராகப் போய்ச் சொன்னார்கள். மாதக்கணக்கில் வீட்டில் வைத்து விழுங்குகிறவர்களுக்கும் அதே எண். பிறகு செத்தவர்கள் லட்சக்கணக்கில். கம்பெனி 2007இலும் 2020இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

இந்தியா அதற்கு முன்பே பயந்துகொண்டு எதிர்த்திசையில் ஓடியிருந்தது. 1980களின் தொடக்கத்தில் பிரவுன் சுகர் நகரங்களுக்குள் வந்தது. 1985 நவம்பரில் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் அமலானது. பாத்தா விற்பனை நின்றதா என்றால் ஆதி கங்கைப் படித்துறையைக் கேட்க வேண்டும். நின்றது மார்ஃபின். உரிமத்துக்கு மேல் உரிமம், கணக்கில் தவறினால் பத்து வருஷம் சிறை என்றால் எந்த மருந்துக்கடை அதை அலமாரியில் வைக்கும்? உலகத்துக்கு மருத்துவ அபின் விளைவித்துக் கொடுக்கும் நாட்டில் மார்ஃபின் உபயோகம் 97 விழுக்காடு சரிந்து, 1997இல் வருஷத்துக்கு வெறும் 18 கிலோவில் வந்து நின்றது. 1994இல் லான்செட் இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் நிர்மல் ஹிருதயைப் பார்த்துவிட்டு, அங்கே சாகக் கிடப்பவர்களுக்கு வலி தணிக்கச் சரியான மருந்து இல்லை என்று எழுதினார். அதற்கு அன்னை தெரசாவின் சபையைத் திட்டியவர்கள் ஏராளம். திட்டட்டும். ஆனால் அந்தச் சுவருக்கு உள்ளே புற்றுநோய்க்காரருக்கு மார்ஃபின் கிடையாது, சுவருக்கு வெளியே பதினெட்டு வயசுக்காரனுக்கு அதன் தம்பி கடுகளவு பொட்டலத்தில் கிடைக்கும் என்ற ஏற்பாடு சபை செய்ததல்ல.

கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலின் குழு இந்தப் பயத்தை நேராகச் சோதித்தது. 1,723 நோயாளிகளுக்கு இரண்டு வருஷம் வாய்வழி மார்ஃபின், வீட்டுக்குக் கொடுத்தனுப்பி. ஒருவர்கூடத் தவறாகப் பயன்படுத்தியதாகவோ வெளியே விற்றதாகவோ தெரியவில்லை என்று 2001இல் லான்செட்டில் எழுதினார்கள். சட்டம் திருந்த 2014 ஆனது. 'பெரும்பாலோர் விழுவதில்லை' என்பது விற்பவன் வாயில் விஷம். அதை மறுப்பது சட்டத்தின் கையில் வலியாக முடிகிறது. இரண்டு பக்கமும் யாருக்கும் அக்கறையில்லாமல் விடப்பட்டவர்கள் விழுகிற அந்தச் சிலர். கமிஷனுக்கு அவர்கள் விதிவிலக்கு, கம்பெனிக்கு அவர்கள் ஏற்கெனவே கெட்டவர்கள், போலீசுக்கு அவர்கள் மாதாந்திரக் கேஸ்.

சரி, ஏன் அவர்கள்?

கொஞ்சம் பொருளின் வேகம். கமலாகாந்தனின் உருண்டை வயிற்றில் கரைந்து ரத்தத்தில் ஏற அரை மணிக்கு மேல் ஆகும். ஈயத்தாளிலிருந்து இழுத்த புகை சில நொடியில் மூளையில். செய்கையும் பலனும் அவ்வளவு ஒட்டி நின்றால் மூளை அதை மறக்காமல் படித்துக்கொள்ளும். அதே கசகசாச் செடிதான், மாறியது கடிகாரம்.

கொஞ்சம் ரத்தம். இரட்டையர்களையும் தத்துப்பிள்ளைகளையும் வைத்துப் பார்த்தவர்கள் பாதிக்குப் பாதி பரம்பரை என்கிறார்கள். 'குடிகார மரபணு' என்று ஒன்று தனியாகக் கிடையாது; நூற்றுக்கணக்கில் சிறுசிறு சாய்வுகள். சிலருக்குக் குடித்ததும் முகம் சிவந்து குமட்டும், அவர்கள் பிழைத்தார்கள்.

கொஞ்சம் வயசு. மேலே சொன்ன 2019 கணக்கில் ஒரே ஒரு வகையில்தான் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிகம்: முகரும் பொருட்கள். 10 முதல் 17 வயசுக்குள் 1.17 விழுக்காடு, பெரியவர்களில் 0.58. சியால்தா, ஹவுரா ரயிலடிகளில் பிளாஸ்டிக் பைக்குள் மூக்கை விட்டுச் செருப்புப் பசை முகரும் பிள்ளைகளைப் பார்க்காத கல்கத்தாக்காரர் இல்லை. பசி தெரியாது, குளிர் தெரியாது என்பார்கள் கேட்டால். வேண்டாம் என்று நிறுத்துகிற மூளைப்பகுதி இருபது வயசு தாண்டித்தான் முற்றும். இவர்களுக்கு ஒன்பதில் தொடங்கிவிடுகிறது.

பிறகு, பட்ட அடி. கலிபோர்னியாவில் 1990களில் பதினேழாயிரம் பேரிடம் அவர்கள் பிள்ளைப்பருவத்தைக் கேட்டார்கள். அடி, பாலியல் கொடுமை, வீட்டில் குடிகாரர், ஜெயிலுக்குப் போனவர், அம்மாவை அடிக்கும் அப்பா என்று ஒரு பட்டியல். அதில் ஐந்தும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்குப் போதைச் சிக்கல் வரும் வாய்ப்பு ஒன்றுமே இல்லாதவர்களைப் போல் ஏழு முதல் பத்து மடங்கு. அந்தச் சந்தில் பிறந்து அம்மாவிடம் ஆள் வரும்போதெல்லாம் படித்துறைக்கு அனுப்பப்பட்ட பையனுக்கு இந்தப் பட்டியலைக் காட்ட வேண்டியதில்லை.

இவ்வளவும் சேர்த்தாலும் கணக்கு முடிவதில்லை. அதே சந்தில், அதே அம்மாவிடம், அண்ணன் பாத்தா பக்கம் போய் மீளவில்லை. தம்பியும் இழுத்தான், இப்போது சேத்லாவில் ஆட்டோ ஓட்டுகிறான். 2004இல் போர்டோவில் பியர் வின்சென்சோ பியாட்சாவின் குழு எலிகளுக்குக் கோகெயின் எடுத்துக்கொள்ளப் பழக்கியது. மூன்று மாதம் எல்லா எலிகளும் ஏறக்குறைய ஒரே அளவுதான் எடுத்தன. பிறகு சோதித்தார்கள். கிடைக்காது என்று விளக்கு காட்டியும் நெம்புகோலை விடாமல் அழுத்துவது, ஒரு சொட்டுக்காக எத்தனை தடவையும் அழுத்துவது, காலில் ஷாக் அடித்தும் நிறுத்தாதது. மூன்றும் இருந்தவை 17 விழுக்காடு. எலிகளுக்கு அப்பன் குடிகாரனில்லை, சாதியில்லை, கடன் இல்லை.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது ஜெனீவாவில் கிறிஸ்டியான் லூஷர் ஆய்வகத்து 2018 வேலை. மரபில் ஒன்றுபோலவே வளர்த்த சுண்டெலிகள். போதைப் பொருளே இல்லை. நெம்புகோலை அழுத்தினால் டோபமைன் சுரக்கும் நரம்புகளில் நேராக ஒளி பாயும். ஷாக்கையும் சேர்த்தபோது நூற்றுக்கு நாற்பது விலகிக்கொண்டன, அறுபது தொடர்ந்து அழுத்தின. ரத்தம் ஒன்று, கூண்டு ஒன்று, கிடைத்த சுகம் ஒன்று. ஆனாலும் ஒன்று நின்றது, ஒன்று நிற்கவில்லை. முடிவெடுக்கும் பகுதியிலிருந்து இறங்கும் ஒரு நரம்பு இணைப்பு சிலவற்றில் இறுகியிருந்தது. ஏன் அவற்றில் மட்டும் என்பதற்குத் தற்செயல் என்பதைத் தாண்டி அவர்களிடம் பெரிய விடை இல்லை.

சென்னையில் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார். 'குடிகாரன்' என்று மட்டுமே சொல்லத் தெரிந்த தமிழ்நாட்டில் குடிநோயாளி என்ற பேச்சு பரவியதில் அந்த மையத்துக்குப் பங்குண்டு. இப்படி இடங்களுக்கு வரும் மனைவியும் தாயும் கேட்பது ஒரே கேள்விதான்: நான் என்ன தப்பு பண்ணினேன், இவர் அண்ணன் தம்பி எல்லாரும் குடிக்கிறாங்க, இவர் மட்டும் ஏன்? அந்தச் சுண்டெலிகள் அவர்களுக்கு ஒரு பதில். தப்பு பண்ணாமலும் நடக்கும்.

பிடித்துக்கொள்வது எது என்று கேட்டால், சுகம் என்றுதான் வெளியில் நிற்பவர்கள் நினைக்கிறோம். டெரி ராபின்சனும் கென்ட் பெரிட்ஜும் 1993இல் அதைப் பிரித்துக் காட்டினார்கள். பிடித்திருப்பது மூளையில் ஒரு வேலை, வேண்டும் என்று இழுப்பது வேறொரு வேலை. திரும்பத் திரும்ப எடுக்க எடுக்க முதலாவது மங்கும், இரண்டாவது கூர்மையாகும். கடைசியில் பிடிக்காததை வேண்டிக்கொண்டு அலைவான் மனிதன். மயில் கதையில் சுகத்தைப் பற்றிப் பேச்சே இல்லாதது அதனால்தான் எனக்கு அவ்வளவு சரியாகப் படுகிறது. இழுப்பு தனியாக வருவதில்லை. நேரத்தோடும் இடத்தோடும் ஆளோடும் ஒட்டிக்கொண்டு வரும்.

கோயில் பக்கம் பேடா விற்கும் ஒருவர் இளவயதில் பாத்தாகோராக இருந்தவர். தாதா, எப்படி விட்டீர்கள் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு கதை. அம்மா காளிக்கு நேர்ந்துகொண்டாள் என்பார். விற்கிறவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதும் வேறு வழியில்லை என்பார். கல்யாணம் என்பார். எல்லாம் உண்மையாக இருக்கலாம். அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். ஆனால் மாறாத ஒன்று அவர் நடக்கும் வழி. கடையடைத்து வீட்டுக்குப் போகக் குறுக்கு வழி படித்துறைச் சந்து. அவர் சுற்றிக்கொண்டு பெரிய ரோடு வழியாகத்தான் போவார். இத்தனை வருஷம் கழித்துமா என்றேன். "தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டாலே வாயில் எச்சில் ஊறும் தாதா" என்றார், ஒரு கிலோப் பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே.

மனத்திடம் என்று லேக் மார்க்கெட் பெரியவர் சொன்னது இதுதானோ என்னவோ. படித்துறையில் நின்று வேண்டாம் என்று சொல்கிற திடம் இவருக்கு இல்லை. அந்தப் பக்கமே போகாத புத்தி இருக்கிறது. கூடவே கடை இருக்கிறது, பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள், அவரை ஆள் என்று கூப்பிடும் தெரு இருக்கிறது. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை 1971க்குப் பிறகு லீ ராபின்ஸ் பின்தொடர்ந்து பார்த்தார். படையில் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாகி இருந்தார்கள். ஊருக்கு வந்த முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் அவர்களில் இருபதுக்கு ஒருவர். அரசாங்கமே முதலில் நம்பவில்லை. அந்தச் சிப்பாய்க்கு விட்டுவிட்டு வர ஒரு நாடும் திரும்பிப் போக ஒரு வீடும் இருந்தன. நோயின் ஊர் வேறு, சுகமான ஊர் வேறு. காளிகாட் பையனுக்கு இரண்டும் ஒரே சந்து.

எலிகளில்கூட, கூட்டாளி எலி இருக்கும் கதவா, போதைப்பொருளா என்று தேர்ந்தெடுக்க விட்டால் பெரும்பாலும் கூட்டாளியிடம் போகின்றன. மார்கோ வென்னிரோவும் யாவின் ஷஹாமும் இதை 2018இல் காட்டினார்கள். அடிமையானவன் கை தானாக எழுந்து தாளுக்குப் போவதில்லை. வேறு எதுவும் அவ்வளவு பெரிதாக எதிரே இல்லை. கட்டாயம் என்று வெளியே தெரிவதில் பாதி அந்த வெறுமைதான் என்பது என் எண்ணம். மருத்துவர்கள் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நாம் கொடுக்கும் வைத்தியம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. வீட்டார் கடன் வாங்கிக் கட்டிப் பையனை மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பார்கள். சிலவற்றில் பூட்டு, சிலவற்றில் அடி, நல்லவற்றில் பிரார்த்தனையும் பேச்சும். மூன்று மாதம், ஆறு மாதம். கை நடுக்கம் போய்விடும், சாப்பாடு இறங்கும், முகம் தெளியும். பிறகு அதே சந்தில் கொண்டுவந்து விடுவார்கள். ஷெப்பர்ட் சீகல் 1982இல் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். உடம்பு பழகிக்கொண்டு தாங்கும் சக்தியே இடத்தோடு சேர்ந்து கற்றது என்பது அதில் தெரிந்தது: பழகிய இடத்தில் பெரிய அளவு ஹெராயின் கொடுத்தபோது 32 விழுக்காடு செத்தன, புது இடத்தில் அதே அளவுக்கு 64. சந்துக்குத் திரும்புகிற பையனுக்கு இடம் பழையது, உடம்பு புதிது. இழுப்பு அப்படியே இருக்கிறது, மையத்தில் இருந்த மாதங்களில் தாங்கும் சக்தி போய்விட்டது. அவன் பழைய அளவைத்தான் எடுப்பான். புகையாக இழுத்தால் பாதியிலேயே சொக்கி நின்றுவிடலாம். ஊசியில் அந்தச் சலுகை கிடையாது. மூச்சு நின்றுபோவது அப்படித்தான். நலோக்சோன் என்ற மருந்தை உடனே ஊசியாகப் போட்டால் சில நிமிஷத்தில் மூச்சு திரும்பும். பக்கத்தில் இருப்பவர்கள் கையிலேயே அது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் சொன்னது. மையங்கள் தங்கள் நோட்டீசில் எத்தனை பேர் எத்தனை நாள் சுத்தமாக இருந்தார்கள் என்று போடுகின்றன. வீட்டுக்கு வந்த முதல் வாரத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அனுப்பும்போது அம்மாவைத் தனியாக உட்காரவைத்து, பையன் இனி பழைய அளவைத் தாங்க மாட்டான் என்று சொல்லும் வழக்கமும் பல இடங்களில் கிடையாது.